பார்ட்னருக்கு வழி கிடையாது

எனக்குப் பெண் கொடுக்கலாமா கூடாதா என்பது ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றது. மந்தைவெளியில் பெண் வீட்டுக் கூடத்தில் நானும் அம்மாவும் கேசரித் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அப்பா எதிரே ஒரு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி கேட்டார்.

"தம்பி வேலையில கீறாரா, சொந்தத் தொழிலா?"

"கம்பெனி வேலைண்ணே" என்றாள் அம்மா.

"சொந்தத் தொழில் சார்" என்றேன் நான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லித் தொலைத்தோம். கிளம்புவதற்கு முன் என் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்ட அம்மா, இதைப் பற்றி ஒரு வார்த்தை என்னோடு பேசி வைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. நான் செல்போன் ஆப்பில் கார் ஓட்டுகிறவன். கார் என்னுடையது, அதற்கு அடிக்கிற கேஸ் என்னுடையது, முதுகுவலி என்னுடையது. யாரை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது, அதற்கு என்ன கட்டணம் என்பதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கம்பெனி என்னை ஒரு நாளும் தொழிலாளி என்று சொன்னதில்லை. காலையில் ஆப்பைத் திறந்தால் 'வணக்கம் பார்ட்னர்' என்று வரும். அதற்கு என்னடா அர்த்தம் என்று அம்மா ஒரு முறை கேட்டாள். கூட்டாளி என்று சொன்னேன். அதோடு போச்சு.

அம்மாவுக்கு மயிலாப்பூர் நடைபாதையில் இட்லிக் கடை. அரசாங்கம் எங்களை ஆற்றோரக் குடிசையிலிருந்து கிளப்பி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடி வைத்த பிறகும், முதல் பஸ்ஸைப் பிடித்துப் பழைய இடத்துக்கே வந்து கடை போடுகிறாள். சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் "எம்புள்ள கம்பெனில கூட்டாளி" என்று சட்னி ஊற்றும்போது சொல்லியிருக்கிறாள். அதை நம்பிய இரண்டு பேர், தங்கள் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லி பயோடேட்டா கொடுத்துவிட்டுப் போனார்கள். சாம்பார் கறையோடு அவை இன்னும் என் டேஷ்போர்டில் கிடக்கின்றன.

பெண்ணின் அப்பா லேசுப்பட்டவர் இல்லை. அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஓடுகிற பஸ்ஸை நடுவழியில் கை காட்டி நிறுத்தி, ஏறி, ஆளாளுக்கு டிக்கெட் கேட்கிற உத்தியோகம். ரிட்டையர் ஆன பிறகும் அந்தக் கண் ரிட்டையர் ஆகவில்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் சட்டைப் பையைத்தான் பார்ப்பார். நானும் என்னையறியாமல் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க தம்பி. டெப்போ எங்க கீது?"

"டெப்போ இல்ல சார். வண்டி நம்ம வூட்டாண்டயே நிக்கும்."

"அப்போ முதலாளி." வலது கையில் ஒரு விரலை மடக்கினார். "சார்ஜ் யாரு வெக்கிறது?"

"கம்பெனி வெக்கும்."

"தொழிலாளி." இடது கையில் ஒரு விரல் மடங்கியது. "வண்டி ரிப்பேர் ஆச்சின்னா?"

"நான்தான் சார் பாத்துக்கணும்."

வலது கை. "லீவு யாராண்ட கேப்பீங்க?"

"யாராண்டயும் கேக்க வேணாம் சார். போனை ஆஃப் பண்ணா லீவு."

மறுபடி வலது கை. "சரி, ஒரு சவாரி புடிக்கலன்னா வேணாம்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம் சார். ரொம்ப சொன்னா கம்பெனி கோச்சிக்கும். அப்புறம் நல்ல சவாரி வராது."

இதற்கு எந்தக் கையை மடக்குவது என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டிலும் ஒவ்வொரு விரலை மடக்கினார். இப்படியே கேட்டுக் கேட்டு இரண்டு கையும் முஷ்டியாகிவிட்டது. பெண் காபித் தட்டோடு வெளியே வந்தபோது அவள் அப்பா என் மூக்கில் குத்தப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் தட்டை நீட்டியபோதே நான் விழுந்துவிட்டேன். இவள் கிடைக்காமல் போனால் இன்னொரு வீட்டில் போய்க் கேசரி சாப்பிட எனக்குத் தெம்பு இருக்காது என்று நிஜமாகவே நினைத்தேன்.

"என் சர்வீஸ்ல நான் பாக்காத ஆளு இல்ல" என்றார் அவர். "பெர்மனென்ட் பாத்திருக்கேன், கேஷுவல் பாத்திருக்கேன், டெய்லி பாத்திருக்கேன். நீங்க எதுலயும் வர மாட்றீங்களே. டைம் குடுங்க. செக் பண்ணிட்டு சொல்றேன்."

காரில் திரும்பும்போது அம்மா பொருமித் தள்ளினாள். "இன்னா கேள்வி நைனா இது? இட்லி விக்கிறேனே, என்னை ஒருத்தன் கேட்டிருப்பானா, ஒனக்கு யாரு முதலாளின்னு? கேட்டா சொல்லுவேன், மழைதான்னு. அது வந்தா லீவு, அது போனா வேலை." எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கும் நிலைமை இல்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, நீ யாருடா என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் போன் செய்தாள். அம்மா கொடுத்த ஜாதகத்தின் பின்பக்கம் என் நம்பர் இருந்திருக்கிறது. அவள் தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தாள்.

"எங்க அப்பாவையே கொழப்பிட்டீங்களே, பெரிய ஆளுதான்" என்றாள். "நான் பெர்மனென்ட்டுங்க. கார்டு கீது, பிஎஃப் கீது. ஸ்டூலு கூடப் போட்டுக் குடுத்திருக்காங்க. உக்காந்தாதான் மொறைப்பாங்க. பாத்ரூம் போறதுன்னா ஃப்ளோர் சூப்பர்வைசரு தலையாட்டணும்."

"எனக்கு சூப்பர்வைசரே கிடையாது" என்றேன் பெருமையாக. பிறகு உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "பாத்ரூமும் கிடையாது."

பகல் முழுக்க இந்த ஊரில் கார் ஓட்டுகிறவன் அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது என்பது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அவளுக்கு விளக்கினேன். எந்த பெட்ரோல் பங்கில் முகம் சுளிக்க மாட்டார்கள், பெசன்ட் நகர் கடற்கரையில் எந்தப் பக்கம் சுத்தம் என்றெல்லாம் சொன்னேன். அவள் கூச்சப்படாமல் கேட்டாள், தன் பங்குக்குக் கடைக் கதையையும் சொன்னாள். கல்யாணப் பேச்சு நடக்கும் இருவர் முதன்முதலாகப் போனில் பேசியது முழுக்கப் பாத்ரூமைப் பற்றித்தான். வைப்பதற்கு முன் அவள் எச்சரித்தாள்.

"அப்பா செக்கிங் வருவாரு. உஷாரா இருங்க."

"எப்போ?"

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேரு செக்கிங்கா?"

அதற்கப்புறம் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் யார் ஏறினாலும் எனக்கு வியர்த்தது. தி. நகரிலிருந்து மயிலாப்பூருக்கு ஒருவர் வந்தார். வக்கீல் போலிருக்கிறது. ஏறியதிலிருந்து போனில் என்னைப் பற்றித்தான், அதாவது என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான், யாரிடமோ வாதாடிக்கொண்டு வந்தார். "அவாள்லாம் எம்ப்ளாயியே இல்லைங்கறேன். யாரும் அவாளை அதிகாரம் பண்ண முடியாது. அவா இஷ்டத்துக்குச் சுதந்திரமா தொழில் பண்ணிண்டிருக்கா" என்றார். நடுவில் போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார். "டிரைவர், பாட்டை நிறுத்துங்கோ. ஏசியைக் கூட்டுங்கோ. இந்தப் பக்கம் வேண்டாம், லெஃப்ட்ல போங்கோ." நான் சுதந்திரமாகப் பாட்டை நிறுத்தி, சுதந்திரமாக லெஃப்டில் திரும்பினேன். நல்ல மனுஷர், இறங்கும்போது நன்றி சொன்னார். இவரை அனுப்பியது இன்ஸ்பெக்டராக இருக்குமோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிஜமான செக்கிங் ஒரு மத்தியானம் லஸ் முனையில் நடந்தது. பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்தியிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், பத்தடி தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். சென்னை வெயிலில் குரங்குத் தொப்பி, மூக்குக் கண்ணாடி, கொரோனா காலத்து முகக்கவசம். மரத்துக்கு இந்தப் பக்கம் தொப்பையும் அந்தப் பக்கம் போனும் தெரிகின்றன. எனக்கு சவாரி வந்தது. ஆப்பில் பயணியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பயணி' என்று இருந்தது.

அந்தப் பெண் பிறகு சொல்லித்தான் முழுக் கதையும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் சில நாட்களாகவே என் வண்டி கிடைக்கும் என்று ஆப்பில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். வேறு வேறு கார்களாக வந்திருக்கின்றன. கூப்பிட்ட பிள்ளையை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனம் வராமல் அவற்றிலெல்லாம் ஏறி, ஒரு நாள் கொட்டிவாக்கம் வரைக்கும், இன்னொரு நாள் வேளச்சேரி வரைக்கும் போய்விட்டு, பஸ்ஸில் வீடு திரும்பியிருக்கிறார். கடைசியில்தான் என் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று கூப்பிடுகிற இந்த மரத்து யோசனை.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போக வேண்டும் என்று காட்டியது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் யாரோ எவரோ என்பது போல ஓட்டினேன். மந்தைவெளி சிக்னலில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து நின்று, "இன்னா இன்ஸ்பெக்டரே, கார்லயா? கொரங்குத் தொப்பி வேற!" என்று கத்தினார். இவர் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்கன்னத்தைக் கடித்தேன்.

"போ தம்பி, போலீஸு யாரும் இல்ல" என்றார் அடுத்த சிக்னலில், குரலை மாற்றி.

"செவப்பு விழுந்திருக்கு சார்."

அடையாறு பாலம் தாண்டியதும், சீட் பெல்ட் போடாமல் ஓட்டினால் காற்று நன்றாக வருமே என்றார். அது எப்படி என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. எல்லாவற்றுக்கும் பணிவாக மறுத்துக்கொண்டே, லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறவனைப் போல அங்குலம் அங்குலமாக ஓட்டி, கோயில் வாசலில் நிறுத்தினேன். இறங்கினார். என் ஜன்னல் பக்கம் வந்து தொப்பியைக் கழற்றினார், முகக்கவசத்தைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை.

"செக்கிங்!" என்றார்.

"தெரியும் சார்."

முகம் வாடிவிட்டது. "எப்பலேர்ந்து?"

"மரத்தாண்டயே தெரிஞ்சிது சார்."

தெரியாத மாதிரி நடித்திருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. அவர் கை குலுக்கிவிட்டு, மெழுகுவத்தி விற்கிறவர்களைத் தாண்டி நடந்து போனார்.

மறுநாள் காலை இரண்டு சேதிகள் வந்தன. முதலாவது அம்மாவின் போனுக்கு. "ஆளு சுத்தம்மா. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாருங்க" என்று இன்ஸ்பெக்டரே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அம்மா இட்லிப் பானையின் ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாளாம். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வடை கூடுதலாம். இரண்டாவது சேதி என் ஆப்பில் வந்தது. 'பார்ட்னர், ஒரு பாதுகாப்புப் புகாரின் பேரில் உங்கள் கணக்கு ஆய்வில் உள்ளது. பொறுமைக்கு நன்றி.' அவ்வளவுதான். சவாரி எதுவும் வராது. வண்டி வெறும் தகரம்.

யார் புகார் கொடுத்தார்கள், என்ன புகார், எதுவும் இல்லை. ஆப்பிலேயே கேட்டேன். 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது பார்ட்னர்' என்று பதில் வந்தது. என் சிரமம் என்னவென்று எனக்கே புரியவில்லை, உனக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்றது மறுபடியும். பிறகு நான் எழுதியதை இங்கே எழுத முடியாது. 'நன்றி பார்ட்னர், இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?' என்று கேட்டது. ஒன்று கொடுத்தேன். அதற்காக அதை யாரும் ஆய்வில் வைத்ததாகத் தெரியவில்லை.

வேளச்சேரியில் கண்ணாடிக் கட்டடத்தில் கம்பெனிக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"ஸ்டாஃபா?"

"இல்லண்ணே, பார்ட்னர்."

அவர் என் செருப்பைப் பார்த்தார். "ஸ்டாஃப்னா கார்டு காட்டி இப்படிப் போணும். விசிட்டர்னா உள்ளேருந்து யாராவது போன் பண்ணணும், அப்படிப் போணும். பார்ட்னருக்கு வழி கிடையாது நைனா."

"உங்க கம்பெனி இன்னாண்ணே இப்படிக் கீது?"

"யாரு கம்பெனி? நானே காண்ட்ராக்ட்டு ஆளுபா" என்றார். பாவம், அவர்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, மாப்பிள்ளைக்குப் பிழைப்பு இல்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, இதைக் கொஞ்ச நாள் அப்பாவிடம் மறைக்கலாமா என்று கேட்டேன். "செக்கிங் இன்ஸ்பெக்டர்கிட்டயா? ஒழுங்கா வூட்டுக்கு வந்து சொல்லிடுங்க" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சாயங்காலம் மந்தைவெளிக்குப் போனேன். அதே ஸ்டூல், அதே கூடம். கேசரி இல்லை. சொல்லி முடித்தேன்.

அவர் குதித்து எழுந்துவிட்டார், எனக்காக.

"மெமோ எங்க?"

"மெமோ இல்ல சார்."

"விளக்கம் கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"என்கொயரி ஆபீசர் யாரு?"

"யாரும் இல்ல சார். புகார் யாரு குடுத்தாங்கன்னு கூட சொல்ல மாட்டாங்க."

"இன்னாயா இது அநியாயம்? எவனோ ஒரு சோமாறி மொட்டைக் கடுதாசி போட்டா ஆளைத் தூக்கிடுவாங்களா? அவன் மட்டும் என் கையில கெடச்சான்…" என்று கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற அப்பா இருந்திருந்தால்கூட எனக்காக இப்படிக் குதித்திருப்பாரா தெரியாது.

அவள் உள்ளேயிருந்து வந்து அமைதியாகக் கேட்டாள். "அப்பா, இவரு வண்டில கடைசியா ஏறுனது யாரு?"

நடை நின்றது.

"ஒன் போனைக் குடு."

"நான் நல்லாத்தாம்மா போட்டேன்" என்றார். குரல் பாதியாகிவிட்டது. அவள் போனை வாங்கி, தேடி, உரக்கப் படித்தாள். நட்சத்திரம் மூன்று. அதன் கீழே: 'வண்டி சுத்தம். ஓட்டுநர் ஒழுக்கமானவர். சிக்னலை மதிக்கிறார். குறை: பயணி இன்னார் என்பதை ஓட்டுநர் முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தார். எப்படி அறிந்தார் என்பது விசாரிக்கத்தக்கது.'

அவள் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"மூணுன்னா பர்ஸ்ட் கிளாஸும்மா" என்றார் தரையைப் பார்த்தபடி. "அஞ்சு நான் யாருக்கும் போட்டதில்ல. எனக்கே யாரும் போட்டதில்ல."

"அந்தக் குறை?"

"குறையே இல்லாம ரிப்போர்ட் போட்டா மேல இருக்கறவன் நம்ப மாட்டாம்மா. டீக்கடையில குந்திக்கினு எழுதிட்டான்னு திருப்பி அனுப்புவான். சின்னதா ஒண்ணு எழுதியே ஆகணும். சர்வீஸ் பூரா அப்படித்தான் எழுதினேன். அதான் மொறை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பாத்திரம் விழுகிற சத்தத்தோடு சிரிப்புக் கேட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. தாலி கட்டுவதற்கு முன்பே மாமனாரால் வேலை போன மாப்பிள்ளை இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் சிரிக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து, புகாரை வாபஸ் வாங்குவதாக ஆப்புக்கு ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். பதில் உடனே வந்தது. 'உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம். இனி இந்த ஓட்டுநருடன் உங்களை இணைக்க மாட்டோம்.'

"யோவ், அவரு என் மாப்ளயா!" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டு அதையே எழுதியும் அனுப்பினார். 'அந்த ஓட்டுநர் உங்கள் இருப்பிடத்தை அறிவாரா? ஆபத்தில் இருந்தால் கீழே உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தவும்' என்று வந்தது. சிவப்புப் பொத்தானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போனை மெதுவாக ஸ்டூலின் மேல் கவிழ்த்து வைத்தார்.

பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். பெண் பார்க்க வந்த அன்று மடக்கிய அதே விரல்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார்.

"முதலாளின்னா உன்ன எவனும் தூக்க முடியாது. தொழிலாளின்னா, தூக்குறதுக்கு முன்னாடி இன்னாடான்னு ஒரு வார்த்தை கேட்டாவணும். டிக்கெட் குடுக்காம என் கையில மாட்டுன கண்டக்டருக்கே மெமோ குடுத்தோம்யா. பதில் எழுதுன்னு நாள் குடுத்தோம். யூனியன்காரனைக் கூட உக்கார வெச்சிக் கேட்டோம். தப்பு செஞ்சவனுக்கே. உன்ன ஒருத்தனும் கேக்கலியே. நான் ஏதோ பழக்கதோஷத்துல எழுதுனத வெச்சி…"

அவர் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் வரவில்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் மேல்தான் வந்தது, அதுவும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் யார் மேல் கோபப்படுவது என்று தவித்தேன்.

கேட்க வேண்டியதை எப்படியோ கேட்டுவிட்டேன். "நிச்சயதார்த்தம் சார்?"

"எனக்கு வேலை கீது. நடக்கட்டும்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் செக் பண்ணது ஆளை. கம்பெனியை இல்ல. ஆளு சுத்தம்." பிறகு, "இன்னும் இன்னாயா சாரு மோருன்னு? மாமான்னு கூப்புடு" என்று அதட்டினார்.

நிச்சயதார்த்தத்தன்று அவள் கடையில் எழுதிக் கொடுத்து, கெஞ்சி, கடைசியில் அரை நாள் லீவு வாங்கி வந்தாள். அதுவும் புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டே படியேறி வந்தாள். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கம்பெனி கேட்காமலேயே கணக்கில்லாத லீவு கொடுத்திருந்தது. தாம்பூலம் மாற்றும்போது அவர்கள் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், மாப்பிள்ளை எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"மாப்ள கார் ஓட்டுறாரு. யாராண்ட ஓட்டுறாருன்னு விசாரணை நடந்துக்கினு கீது."

கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டினார். ஏதோ பெரிய கேஸ் என்று நினைத்திருப்பார்.

பூட்டிய மாதிரியே ஒரு நாள் ஆப் தானாகத் திறந்துகொண்டது. 'ஆய்வு முடிந்தது. மீண்டும் வருக பார்ட்னர்!' என்றது. என்ன ஆய்ந்தார்கள், என்ன கண்டார்கள், ஒரு வரி இல்லை. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுகிறோமே என்று எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவே இல்லை. மாமாவுக்கும் எனக்கும் ஆப் இன்றைக்கும் முடிச்சுப் போடுவதில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் நான் அவர் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பேன், அவர் என் பானெட்டில் சாய்ந்துகொண்டு ஆப்பில் கூப்பிடுவார், எங்கேயோ இருந்து வேறொரு கார் வந்து ஹாரன் அடிக்கும். அவர் சளைக்காமல் முயற்சி செய்கிறார். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது ஐந்து நட்சத்திரம்தான். குறை எழுதுவதே இல்லை.

போன வாரம் அவரை அடையாறில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போனை ஆஃப் செய்துவிட்டு, முன் சீட்டில் உட்கார வைத்துப் போனேன். ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "லீவு யாராண்ட கேட்ட?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"இன்னா மாமா, ரிப்போர்ட் எழுதலியா?"

"எழுதலாம். வளைவுல இண்டிகேட்டர் லேட்டா போட்ட. கொறை கூட ரெடியா கீது." கதவைச் சாத்திவிட்டு ஜன்னலில் குனிந்தார். "எழுதி யாருக்கு மாப்ள அனுப்புறது? ஒனக்கு மேல யாரு கீறான்னு சொல்லு, அனுப்புறேன்."

அவர் படியேறி உள்ளே போகும் வரை யோசித்தேன், எனக்கு ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போனை ஆன் செய்தேன். 'வணக்கம் பார்ட்னர்' என்றது.